காலிக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்

வம்சாவளி எழுத உட்காருகிற எல்லோருக்கும் என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் உண்டு. தெரிந்ததை எழுதுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். யாரோ ஒருவரின் பெயரைக் கொண்டுவந்து அதில் ஒட்டாதீர்கள், அது எவ்வளவு பொருத்தமாகத் தெரிந்தாலும் சரி.

"இதைச் சொல்ல நீர் யார்?" என்று கேட்பீர்கள். பத்திரப் பதிவுத் துறையில் 32 ஆண்டு குப்பை கொட்டியவன் நான். ஒரு சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போவது, நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் கண்டுபிடிப்பது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு முறை அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் மகன் வீட்டில் போய் ஆறாறு மாதம் இருந்தேன். அங்கே பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தொடும் ஓர் அம்மையார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தன் தந்தை வழி முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பத்திரம் படித்தவன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன, வாரம் இரண்டு நாள் அவருடைய காரில் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் போவது என் வேலையாகிவிட்டது. அங்கே பார்த்ததிலிருந்து எனக்குள் உறுதிப்பட்ட கருத்துத்தான் மேலே சொன்னது.

அவருடைய முன்னோர் 'பிரதரன்' எனப்படும் சகோதரர் சபையைச் சேர்ந்தவர்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் பிரதரன் சபை என்றால் 1820களில் டப்ளினில் முளைத்து, பிளிமத் ஊரின் பெயரால் அறியப்பட்டு, 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் போன்றவர்கள் மூலம் இங்கே பரவிய சபை. நான் சொல்வது அதுவல்ல. இது அதற்கும் நூறு வருடம் மூத்தது, ஜெர்மனியில் பிறந்தது. 1708இல் ஷ்வார்ட்செனாவ் என்ற சிற்றூரில், ஏடர் ஆற்றில், அலெக்சாண்டர் மாக் என்பவரின் தலைமையில் ஐந்து ஆண்களும் மூன்று பெண்களுமாக எட்டுப் பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். குழந்தை ஞானஸ்நானம் கூடாது, விவரம் தெரிந்த வயதில் தானே முன்வந்து பெற வேண்டும், மூன்று முறை தண்ணீரில் முழுக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தண்ணீரில் முக்குவதால் ஊரார் 'டங்கர்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அது நிலைத்துவிட்டது.

அந்த எட்டுப் பேரில் முதலில் மாக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்? சீட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெயரை எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். கடைசி வரை சொல்லவும் இல்லை. எந்த நாள் என்பதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு மனிதனின் பெயரால் சபை அழைக்கப்பட்டுவிடக் கூடாது என்ற எண்ணம். யோசித்துப் பாருங்கள், ஒரு சபையின் முதல் பக்கமே வேண்டுமென்று காலியாக விடப்பட்டிருக்கிறது! இப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவர்களுடைய பிறந்த தேதியைத் தேடி அலைகிறார்கள்.

துன்புறுத்தலும் வறுமையும் துரத்த, இவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1719இல் பீட்டர் பெக்கர் தலைமையில் கிரெஃபெல்ட் நகரிலிருந்து சுமார் இருபது குடும்பங்கள் வந்து, பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனிலும் சுற்றிலும் குடியேறின. 1723 கிறிஸ்துமஸ் நாளில் விஸ்ஸாஹிக்கன் ஓடையில் முதல் அமெரிக்க ஞானஸ்நானம் நடந்தது. 1729 செப்டம்பரில் மாக் தன் கூட்டத்தோடு 'ஆலன்' என்ற கப்பலில் வந்து சேர்ந்தார். அதன் பிறகு நிலம் தேடி மேற்கே நகர்ந்துகொண்டே போனார்கள். கொனஸ்டோகா, சஸ்குவஹன்னா ஆற்றுக்கு அப்பால், மேரிலாந்து, வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கு, அலெகெனி மலைகளைத் தாண்டி பிரதர்ஸ்வேலி, 1800ஐ ஒட்டி ஒஹாயோவின் மயாமி பள்ளத்தாக்கு. ஒரு தலைமுறை ஓரிடத்தில் காலூன்றுவதற்குள் அடுத்த தலைமுறை வண்டி கட்டிவிடும்.

இனி, பதிவு ஏன் இல்லை என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பென்சில்வேனியா மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு ஒழுங்காகத் தொடங்கியதே 1906இல்தான். அதற்கு முன் ஆதாரம் என்றால் தேவாலயப் புத்தகம். லூத்தரன் சபையிலும் ரிஃபார்ம்டு சபையிலும் குழந்தை பிறந்த சில வாரங்களில் ஞானஸ்நானம் நடக்கும். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் ஏறிவிடும். ஜான் காஸ்பர் ஸ்டோவர் என்ற லூத்தரன் போதகர் 1730 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஊர் ஊராகக் குதிரையில் போய் நடத்திய ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் எழுதி வைத்தார். குவேக்கர்களுக்கு மாதாந்திரக் கூட்டக் குறிப்பு உண்டு. டங்கர்களுக்கு இவை எதுவும் இல்லை. குழந்தை ஞானஸ்நானமே இல்லாதபோது அதற்குப் புத்தகம் எதற்கு? உறுப்பினர் பட்டியல் வைப்பதும் அவர்களுக்கு வழக்கமில்லை. கூடியது வீடுகளிலும் களஞ்சியங்களிலும்தான். கோயில் கட்டடம் பின்னால் வந்தது. கல்லறை வயலோரத்தில், தலைமாட்டில் ஒரு காட்டுக்கல், மிஞ்சினால் இரண்டு எழுத்து. மாக்கே தன் கல்லறைக்கு அடையாளம் வேண்டாம் என்றாராம். பிள்ளைகள் மன்றாடிய பிறகு முதலெழுத்துகளை மட்டும் பொறிக்கச் சம்மதித்தாராம். செவிவழிக் கதைதான். ஆனால் அவர்கள் போக்குக்குப் பொருத்தமான கதை.

அரசாங்க ஏடும் உதவாது. 1719இல் வந்தவர்களுக்குக் கப்பல் பட்டியல் இல்லை. ஜெர்மானியர்கள் வந்திறங்கியதும் மன்னருக்கு விசுவாசம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும் என்ற ஏற்பாடு 1727இல்தான் தொடங்கியது. அதிலும் பெரும்பாலும் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டுமே. பெண்களும் குழந்தைகளும் கணக்கில் வருவது குறைவு. 1790இலிருந்து மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறதே என்றால், 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் முதன்முதலில் எழுதப்பட்டது 1850இல். வர்ஜீனியாவில் 1780 வரை ஆங்கிலிகன் குருமார் நடத்தினால்தான் சட்டப்படி திருமணம்; அதன் பிறகே மற்றச் சபைப் போதகர்களுக்கு அனுமதி வந்தது. அதற்கு முன்பு ஒரு டங்கர் மூப்பர் நடத்திவைத்த கல்யாணத்துக்கு எந்த ஏட்டில் இடம்?

எல்லைப்புறத்துக்கே உரிய இன்னொரு தொல்லை, ஆள் நகராமலேயே மாவட்டம் நகர்ந்துவிடும். லங்காஸ்டர் கவுண்டி 1729இல் பிறந்தது. அதிலிருந்து 1750இல் கம்பர்லண்டு. அதிலிருந்து 1771இல் பெட்ஃபோர்டு. அதிலிருந்து 1795இல் சாமர்செட். பிரதர்ஸ்வேலியில் ஒரே குடிசையில் இருந்தவருக்கே மூன்று நீதிமன்றத்தில் தேட வேண்டிவரும். இங்கே ஒரே கிராமத்துக்கு மூன்று சார்பதிவகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். மாநில எல்லையே தகராறில் இருந்த இடங்களும் உண்டு. மேசனும் டிக்சனும் 1763 முதல் 1767 வரை கோடு போட்டு முடிக்கும்வரை கொனவாகோ பக்கத்து நிலங்களுக்குப் பென்சில்வேனியாவும் மேரிலாந்தும் இரண்டுமே உரிமை கொண்டாடின. 'டிக்ஸ் சாய்ஸ்' என்று 1727இல் மேரிலாந்து கொடுத்த பெரிய நிலம் இன்று பென்சில்வேனியாவுக்குள் கிடக்கிறது. அதனால் அந்த ஊர்க் குடும்பத்துக்கு மேரிலாந்துத் தலைநகர் அனபோலிஸ் ஏட்டையும் புரட்ட வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "அப்படியானால் தேடுவதே வீண்" என்று சொல்லாதீர்கள். அதுவும் தவறு. தங்களைப் பற்றித் தாங்களே எழுதாதவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, நிலம். பென்சில்வேனியாவில் நிலம் பெறுவதற்குப் படிப்படியாகக் காகிதம் உண்டு. விண்ணப்பம், வாரண்ட் என்ற அளவை உத்தரவு, அளவை, அளவை அறிக்கை, கடைசியில் பட்டயம். பலர் வாரண்டோடு நிறுத்திவிட்டு, பட்டயத்துக்குப் பணம் கட்டாமல் முப்பது நாற்பது வருடம் உழுதுகொண்டே இருந்திருக்கிறார்கள். பட்டயத் தேதியைக் குடியேறிய தேதி என்று நினைத்தால் ஒரு தலைமுறை தப்பிவிடும். மலைக்கு மேற்கே 1768 ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1769 ஏப்ரலில்தான் விண்ணப்பமே வாங்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் போய் உட்கார்ந்தவர்கள் காகிதத்தில் இல்லை. ஆனால் அளவைப் படத்தில் எனக்குப் பழக்கமான ஒன்று இருந்தது, நான்கெல்லை. வெள்ளை ஓக் மரத்திலிருந்து இத்தனை கோல் தூரம் இன்னார் நிலம் வரை, அங்கிருந்து ஓடை வழியே இன்னார் நிலம் வரை. அந்த 'இன்னார்'களை எழுதி வையுங்கள். டங்கர்கள் தனியாக நகர்வதில்லை. மாமனார், மைத்துனர், சபை மூப்பர் என்று கூட்டமாகப் போவார்கள். பெட்ஃபோர்டில் பக்கத்து நிலத்துக்காரராக இருந்த அதே நான்கு பெயர், இருபது வருடத்துக்கு முன் வேறொரு கவுண்டியில் அதே போலப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், உங்கள் ஆள் எங்கிருந்து வந்தார் என்பதற்கு அது நல்ல துப்பு. துப்பு என்றுதான் சொல்கிறேன், முடிவு என்று சொல்லவில்லை.

இரண்டாவது, மறுப்பு. இவர்கள் ஆயுதம் எடுக்க மாட்டார்கள். சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள். இயேசு 'ஆணையிட வேண்டாம்' என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள். சுதந்திரப் போர் வந்தபோது இது பெரிய சிக்கலாயிற்று. ஊர்ப் படையில் சேராதவர்களுக்கு அபராதம். 1777இல் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று சட்டம். செய்யாதவர்களுக்கு உரிமை இழப்பு, அப்புறம் இரட்டை வரி. ஜெர்மன்டவுன் அச்சகர் இரண்டாம் கிறிஸ்தோபர் சவர், சபையின் மூப்பர், 1778இல் சொத்து முழுவதையும் இழந்தார். அரசு ஏலம் போட்டுவிட்டது. 1743இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழியில் வேதாகமம் அச்சிட்டவர் அவருடைய தந்தை. அந்தக் குடும்பத்துக்கே இந்தக் கதி. ஆனால் அபராதம் போடுகிறவன் பட்டியல் போடாமல் விடுவானா? ஊர்ப்படையின் பெயர்ப் பட்டியலில் ஆள் இல்லை, அபராதப் பட்டியலில் இருக்கிறார், வரி இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது என்றால் அவர் அமைதிச் சபைகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். டங்கரா, மெனனைட்டா, குவேக்கரா என்பதை வேறு ஆதாரத்தால் பிரிக்க வேண்டும்.

மூன்றாவது, மரணம். பென்சில்வேனியாவில் 'அநாதைகள் நீதிமன்றம்' என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தாய் உயிரோடு இருந்தாலும் தகப்பன் போய்விட்டால் அந்தப் பிள்ளைகளின் சொத்து அங்கேதான் விசாரணைக்கு வரும். பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நீதிமன்றமே கார்டியன் போடும். பதினாலு தாண்டிய பிள்ளை தானே தேர்ந்தெடுக்கலாம். ஆக, ஞானஸ்நானப் புத்தகம் சொல்லாத வயதை இந்த ஏடு ஓரளவு சொல்லிவிடுகிறது. நிலத்தைப் பங்கு பிரிக்கும்போது கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரும் மருமகன்கள் பெயரும் வந்துவிடும். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் விடாதீர்கள்.

நான்காவது, வெளியாட்கள். 1770இல் மார்கன் எட்வர்ட்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் பென்சில்வேனியாவின் பாப்டிஸ்டுகளைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டபோது, டங்கர் சபைகளையும் இடம் இடமாக விவரித்து, ஆட்களின் பெயர்களையும் குறித்தார். சொந்தச் சபை போடாத பட்டியலை வேற்றுச் சபைக்காரர் போட்டார்! எஃப்ரட்டா என்ற இடத்தில் கான்ராட் பைசல் தலைமையில் பிரிந்துபோன துறவிகள் 1786இல் அச்சிட்ட வரலாற்றிலும் பழைய சகோதரர்களின் பெயர்கள் வருகின்றன. பிரிந்து போனவர்கள் எழுதியது, அந்தக் கோணத்தைக் கழித்துப் படிக்க வேண்டும். 1739இல் தொடங்கிய சவர் பத்திரிகையில் காணாமற்போன குதிரை முதல், எந்தக் கப்பலில் வந்தார் என்று தெரியாத தம்பியைத் தேடும் அண்ணன் வரை விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனை கதவுகள் இருந்தும், வம்சாவளிக்காரர்கள் பலர் எந்தக் கதவையும் தட்டுவதில்லை. ஒரு பெயரைத் தட்டச்சு செய்கிறார்கள், திரையில் அதே பெயரில் ஒருவர் வருகிறார், ஒரு சொடுக்கில் தாத்தாவாக்கிவிடுகிறார்கள். ஜெர்மானியப் பெயர்களில் இது எவ்வளவு ஆபத்து தெரியுமா? வீட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும் யோஹான் என்று முன்பெயர் இருக்கும். கூப்பிடுவது இரண்டாம் பெயரால். யோஹான் கியோர்க் என்றால் கியோர்க். யோஹான் பீட்டர் என்றால் பீட்டர். ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதுவார். ட்ஸிம்மர்மான் சில இடங்களில் மொழிபெயர்க்கப்பட்டுக் கார்ப்பென்டர் ஆகிவிடுவார். 'ஜூனியர்' என்று போட்டிருந்தால் மகன் என்று அர்த்தமில்லை. அந்த ஊரில் அதே பெயருள்ள வேறொரு மூத்தவர் இருக்கிறார் என்று மட்டுமே அர்த்தமாகவும் இருக்கலாம். ஆறுமுகம் மகன் முருகன் என்று எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு, எந்த ஆறுமுகம் என்று கேட்காமல் பதிவு செய்கிற சார்பதிவாளர் உண்டா?

பக்கத்து வீட்டு அம்மையார் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் குடும்பத்தில் ஒரு பெரியவர் நூறு வருடத்துக்கு முன் சிறு புத்தகம் அச்சிட்டிருக்கிறார். முதல் வரியே, நம் மூதாதை 1729இல் மாக்கோடு ஆலன் கப்பலில் வந்தார் என்பது. ஒவ்வொரு ஆகஸ்டு மாதமும் குடும்பத்தார் ஓர் இடத்தில் கூடுவார்கள். கப்பல் படம் போட்ட பனியன், கப்பல் படம் போட்ட கேக்.

நாங்கள் தேடியபோது சங்கிலி உறுதியாகப் போய் நின்ற இடம் 1773, பிரதர்ஸ்வேலி வரிப் பட்டியல். அதற்கு முன் எதுவும் இல்லை. அந்த மனிதர் 1794இல் இறந்தார். அநாதைகள் நீதிமன்ற ஏட்டில் கடைசி இரண்டு பிள்ளைகளும் பதினாலுக்குக் கீழ். அதாவது 1780க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆலன் கப்பலில் கையெழுத்திட்டவருக்கு 1729இல் குறைந்தது பதினாறு என்று வையுங்கள், 1780இல் அறுபத்தேழு. அந்த வயதில் பிள்ளை பிறக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே ஆள்தான் என்று சொல்ல, பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு ஏதாவது வேண்டும். அவருடைய மகனாகவோ பேரனாகவோ இருக்கலாம். ஜெர்மானியர் வருகை உச்சத்தில் இருந்த 1749 முதல் 1754 வரையிலான ஆண்டுகளில் வந்திறங்கிய, சம்பந்தமே இல்லாத வேறொருவராகவும் இருக்கலாம். 44 வருடக் காலி. அதுதான் உண்மை.

அந்த அம்மா புத்தகத்தைத் திருத்தி எழுதினார். 1773க்கு முன் காலிக் கட்டம். ஆலன் கப்பல் கதையைத் தூக்கி எறியவில்லை. 'குடும்பத்தில் சொல்லப்பட்டு வருவது' என்ற தலைப்பில் தனிப் பக்கத்தில் வைத்தார். யார் முதலில் சொன்னார், எந்த ஆண்டு அச்சானது என்பதையும் சேர்த்தார். படித்துவிட்டு அவருடைய சித்தப்பா மகன் போனில் கோபப்பட்டாராம், "எங்கள் தாத்தாவை எங்களிடமிருந்து பறித்துவிட்டாய்" என்று. அந்த வருடக் கூட்டத்தில் இரண்டு மேசைக்காரர்கள் இவரோடு பேசவில்லை. எண்பது வயதில் சொந்தங்கள் முகம் திருப்பிக்கொள்வது லேசான காரியமில்லை.

அந்தச் சித்தப்பா மகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. "யாருக்கு என்ன நஷ்டம்? பிள்ளைகள் ஒரு கதையோடு வளரட்டுமே. சொத்துக்கா சண்டை போடுகிறோம்?" என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் நஷ்டம், தேடல் நின்றுவிடும். கட்டத்தில் ஒரு பெயர் உட்கார்ந்துவிட்டால் அதன்பின் யாரும் அந்த இடத்தைத் தோண்ட மாட்டார்கள். காலிக் கட்டம் வருகிறவரையெல்லாம் 'என்னை நிரப்பு' என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நாளைக்கே ஏதோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து ஒரு ஜெர்மன் வேதாகமம் கிடைக்கலாம், அதன் முதல் தாளில் பிறந்த தேதிகள் இருக்கலாம். ஆண் வழியாகவே இறங்கும் குரோமோசோமைச் சோதித்து, இரண்டு குடும்பமும் ஒரே கொடியா இல்லையா என்று பார்க்கும் வசதியும் இப்போது வந்துவிட்டது. கட்டம் நிரம்பிவிட்டது என்று நம்புகிறவர் எச்சில் குழாய் அனுப்புவாரா?

இரண்டாவது நஷ்டம், பொய்த் தாத்தாவை வைத்தால் மெய்த் தாத்தா வெளியே நிற்பார். 1773இல் அந்த மலைப் பள்ளத்தாக்கில் ஒரு மாடும் சில ஏக்கர் வெட்டிய காடுமாக நின்றாரே ஒருவர், துப்பாக்கி எடுக்க மறுத்து அபராதம் கட்டினாரே, அவரைப் பெற்றவர் யாரோ ஒருவர் இருந்தார் அல்லவா? நம் பெருமைக்காக வேறொருவர் பெயரை அங்கே எழுதினால் அவரை இரண்டாவது முறை புதைப்பதாகாதா?

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாக்கோடு வந்தோம், முதல் கப்பலில் வந்தோம் என்று மார்தட்டுவது அந்த முன்னோர்களுக்கே பிடிக்காத காரியம். முதல் ஞானஸ்நானம் கொடுத்தவரின் பெயரையே மறைத்தவர்கள் அவர்கள். பெயர் நிலைக்க வேண்டும் என்று அவர்கள் வாழவில்லை. நீதிமன்றத்தில்கூட ஆணையிடாமல், 'ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை' என்று சொன்னால் போதும் என்று நின்றவர்கள். அப்படிப்பட்டவர்களின் வம்சாவளியில் 'இருக்கலாம்' என்பதை 'ஆம்' என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

செவிவழிக் கதைகளைக் கேவலமாக நினைப்பவன் அல்ல நான். மாரிசன்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் போர்க்காலத் தாக்குதல் நடந்தபோது டங்கர்கள் எதிர்த்துக் கை ஓங்காமல் கடவுள் சித்தம் என்று சொல்லி வெட்டுப்பட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அதை முதலில் அச்சேற்றியவர் ஏளனமாகத்தான் எழுதினார். சபையார் அதையே பெருமையாக வைத்துக்கொண்டார்கள். யார் யார் இறந்தார்கள், எந்த ஆண்டு என்பதில் இன்றும் தகராறு. ஆனாலும் அந்தக் கதை அவர்கள் எதை உயர்வாக நினைத்தார்கள் என்பதைச் சொல்கிறது. கதையைக் கதை என்று எழுதி வைத்தால் அது என்றைக்கும் பயன்படும். பத்திரம் என்று எழுதினால்தான் வம்பு.

எனக்குத் தெரிந்து இதைச் சரியாகச் செய்தவர்கள் சேகரிப்பவர்கள்தான். ஏப்ரகாம் ஹார்லி கேசல் என்று ஒருவர், 1820இல் பிறந்து 1908இல் மறைந்தவர், சவர் வழியில் வந்தவர். அதிகம் பள்ளிக்கூடம் போகாத பண்ணைக்காரர். பரண் பரணாகத் தேடி, பழைய கடிதம், துண்டுத்தாள், பஞ்சாங்கம் எல்லாம் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தார். 1899இல் மார்ட்டின் புரும்பா முதல் பெரிய சபை வரலாற்றை எழுதியபோது கைகொடுத்தது அந்தச் சேகரிப்புத்தான். இந்தப் புரும்பா பின்னாளில் பென்சில்வேனியா ஆளுநரும் ஆனார். 1958இலும் 1967இலும் டொனால்டு டர்ன்பா மூல ஆவணங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டுவிட்டார். கேசல் எந்தக் காலிக் கட்டத்தையும் கற்பனையால் நிரப்பியதற்காக நினைக்கப்படவில்லை. காகிதத்தைக் கரையானிடமிருந்து காப்பாற்றியதற்காக நினைக்கப்படுகிறார்.

ஆகவே, வம்சாவளி எழுதுகிறவர்களே, உங்கள் ஏட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஆவணம் சொல்வது ஒன்று. நாம் ஊகிப்பது ஒன்று, ஏன் ஊகிக்கிறோம் என்ற காரணத்தோடு. குடும்பத்தில் சொல்வது ஒன்று. மூன்றையும் கலக்காதீர்கள். பின்னால் வருகிற பேத்திக்கு எது கல், எது களிமண் என்று தெரியும். அவள் கல்லின்மேல் கட்டிக்கொள்வாள். காலியாக இருக்கும் கட்டத்தின் ஓரத்தில் எங்கெங்கே தேடினீர்கள், எதைப் பார்த்தீர்கள், எதில் கிடைக்கவில்லை என்று தேதியோடு எழுதி வையுங்கள். வில்லங்கச் சான்றில் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று எழுதித் தருவதும் ஒரு சான்றுதான். தேடாமல் அதைத் தர முடியாது.